லெஸ்லி ஸ்டீவன் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதும் முறை

ஆங்கிலேய விமர்சகரும் மலையேறுநருமான லெஸ்லி ஸ்டீவனைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அவருடைய மகளான எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபைப் படித்துவிட்டுத்தான் அவரிடம் வருகிறார்கள். அதனால் கட்டுரை மகளில் தொடங்கி மகளிலேயே முடிந்துவிடுகிறது. நடுவில் 'மலையேற்றத்திலும் ஆர்வம் கொண்டவர்' என்று ஒரு வரி வரும். இது அவருக்குச் செய்யும் அநியாயம். வர்ஜீனியா பிறந்தபோது அவருக்கு 49 வயது. ஆல்ப்ஸில் யாரும் மிதித்திராத சிகரங்களில் ஏறியது, குருப்பட்டத்தைத் துறந்தது, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையின் வரலாற்றை இரண்டு தொகுதிகளில் எழுதி முடித்தது எல்லாம் அதற்கு முன்பே நடந்துவிட்டன.

இங்கே சொல்லும் முறை 1500 சொற்கள் அளவிலான கட்டுரைக்கானது. எழுதத் தொடங்கும் முன்பே இடத்தைப் பங்கிட்டுவிடுங்கள்: குடும்பமும் பள்ளியும் 150 சொற்கள், கேம்பிரிட்ஜும் மதமும் 300, மலைகள் 400, இதழாசிரியர் பணியும் அவர் தொகுத்த வாழ்க்கை வரலாற்று அகராதியும் 400, இரண்டு திருமணங்களும் பிள்ளைகளும் 200, இறுதி ஆண்டுகளுக்கு 50. பங்கிடாமல் எழுதினால் வீட்டுக் கதை பாதிக் கட்டுரையை விழுங்கிவிடும். அந்தப் பகுதிக்குத்தான் படிக்கக் கிடைப்பது அதிகம், படிக்கச் சுவையும் அதிகம்.

முதலில் ஆண்டுக் கட்டம்

ஒரு ஏ4 தாளை எடுத்து நெடுக்காக மூன்று கோடு போட்டு நான்கு பத்தியாக்குங்கள். முதல் பத்தியில் ஆண்டு, இரண்டாவதில் வீடு, மூன்றாவதில் வேலை, நான்காவதில் மலை. 1832 முதல் 1904 வரை நிரப்புங்கள். எல்லாக் கட்டமும் நிறையாது, நிறையவும் வேண்டாம். ஒரே வரிசையில் மூன்று கட்டமும் நிறையும் ஆண்டுகள்தான் கட்டுரையின் முதுகெலும்பு.

1859-ஐப் பாருங்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் முழுக் குருவாக அபிஷேகம் பெற்ற ஆண்டு அது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி பீட்ஷ்ஹோர்ன், செப்டம்பர் 9-ஆம் தேதி ரிம்ப்ஃபிஷ்ஹோர்ன் என இரண்டு சிகரங்களில் முதல் ஏற்றம். அடுத்த ஐந்தாம் நாள், செப்டம்பர் 14, தந்தை ஜெர்மனியின் கோப்லென்ஸில் இறந்துபோனார். தனித்தனி அத்தியாயமாக எழுதியிருந்தால் இந்த மூன்றும் ஒன்றையொன்று பார்த்திருக்காது.

1862-ம் அப்படித்தான். கல்லூரித் தேவாலயத்தில் வழிபாடு நடத்த மனம் ஒப்பாமல் டியூட்டர் (கல்லூரிப் பயிற்றாசிரியர்) பதவியை விட்ட அதே ஆண்டின் கோடையில் யுங்ஃப்ராவ்யோஹ் கணவாயைக் கடந்தார், மோண்டே டிஸ்கிராட்சியா மீது ஏறினார். 1871-இல் 'ஐரோப்பாவின் விளையாட்டுத் திடல்' என்ற மலையேற்ற நூல் வெளியானது, கார்ன்ஹில் இதழின் ஆசிரியர் பொறுப்பு வந்தது, மோன் மாலே சிகரமும் ஏறியாயிற்று. 1875 மார்ச்சில் குருப்பட்டத் துறவு, நவம்பரில் முதல் மனைவியின் மறைவு. 1882-இல் வர்ஜீனியாவின் பிறப்பு, கார்ன்ஹில்லை விட்டது, அகராதி வேலையைத் தொட்டது மூன்றும் சேர்ந்து வருகின்றன.

கட்டத்தில் காலியாக நிற்கும் இடங்களும் பேசும். 1867 திருமணத்துக்குப் பிறகு மலைப் பத்தி மெலிந்துவிடுகிறது. அதை 'ஆர்வம் குறைந்தது' என்று எழுதாதீர்கள். 1868 முதல் 1872 வரை ஆல்பைன் ஜர்னல் என்ற மலையேற்ற இதழின் ஆசிரியர் அவர்தான். 1873-இல் மோன் பிளாங்க் உச்சியில் சூரியன் மறைவதைக் காண ஓவியர் கப்ரியேல் லோப்பேயுடன் ஏறினார். அபாயமான ஏற்றங்கள்தான் குறைந்தன.

பெயர்க் குழப்பங்கள்

குடும்பப் பெயரின் உச்சரிப்பு 'ஸ்டீவன்'. தமிழில் 'ஸ்டீபன்' என்று எழுதிப் பழகிவிட்டோம். தேடுபவர்களும் அப்படித்தான் தேடுவார்கள். கட்டுரை முழுக்க ஒன்றையே பின்பற்றி, முதல் வரியில் மற்றதைக் குறிப்பிட்டுவிட்டால் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாக வருவது. தாத்தா ஜேம்ஸ் ஸ்டீவன் (1758–1832) அடிமை வணிக ஒழிப்பு இயக்கத்தில் வில்பர்ஃபோர்ஸின் தோழர், உறவினரும்கூட. தந்தை சர் ஜேம்ஸ் ஸ்டீவன் (1789–1859) குடியேற்ற நாடுகள் துறையின் உயர் அதிகாரி. 1833-இன் அடிமை ஒழிப்புச் சட்ட வரைவை எழுதியவர். பின்னர் கேம்பிரிட்ஜில் வரலாற்றுப் பேராசிரியர். அண்ணன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீவன் (1829–1894) சட்ட அறிஞர். இந்த மூவரில் ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் ஏற்றுவதுதான் மிக அதிகமாக நேரும் பிழை. தாத்தாவின் இயக்கமும் தந்தையின் சட்ட வரைவும் ஒரே ஆளின் சாதனையாகிவிடும்.

அண்ணனுக்கு ஒரு வரி கூடுதலாகக் கொடுக்கலாம், அவர் நமக்குத் தெரிந்தவர். 1869 முதல் 1872 வரை வைஸ்ராய் சபையில் சட்ட உறுப்பினராக இருந்து 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தை உருவாக்கியவர். 2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வரும்வரை நம் நீதிமன்றங்களில் அதுதான் நடந்தது. ஒரு வரிக்கு மேல் போகாதீர்கள், கட்டுரை தம்பியைப் பற்றியது.

'சர்' என்ற பட்டம் லெஸ்லிக்கு 1902-இல்தான் வந்தது. 1861-இல் ஷ்ரெக்ஹோர்ன் ஏறியவரை 'சர் லெஸ்லி' என்று எழுதினால் 41 ஆண்டு தவறு. 'விக்டோரியா காலத்தவர்' என்பதையும் யோசித்துப் பயன்படுத்துங்கள். விக்டோரியா அரியணை ஏறியது 1837, மறைந்தது 1901. ஸ்டீவனின் வாழ்நாள் இரண்டு பக்கமும் வெளியே நீள்கிறது. அடைமொழியாகச் சொல்வதில் தவறில்லை, காலவரையறையாக எழுதாதீர்கள்.

மலைப் பகுதி

இங்கேதான் பொறுமை வேண்டும். முதல் ஏற்றங்களில் முக்கியமானவற்றை இன்றைய அளவைப்படி மீட்டரில் கொடுங்கள். அந்தக் காலத்து நூல்களில் உயரம் அடிக்கணக்கில் இருக்கும், இன்றைய அளவீட்டோடு சரியாகப் பொருந்தாது. பழைய அடிக்கணக்கை 0.3048-ஆல் பெருக்கிப் போட்டால் எங்கும் இல்லாத ஓர் எண் வந்து நிற்கும்.

பீட்ஷ்ஹோர்ன், 3934 மீ, 1859. ரிம்ப்ஃபிஷ்ஹோர்ன், 4199 மீ, 1859. ஆல்ஃபூபெல், 4206 மீ, 1860. ப்ளூம்லிஸால்ப்ஹோர்ன், 1860. ஷ்ரெக்ஹோர்ன், 4078 மீ, 16 ஆகஸ்ட் 1861. மோண்டே டிஸ்கிராட்சியா, 3678 மீ, 1862. சினால்ரோட்ஹோர்ன், 4221 மீ, 22 ஆகஸ்ட் 1864. மோன் மாலே, 3989 மீ, 1871. எல்லாவற்றையும் கட்டுரைக்குள் அடுக்கினால் ரயில் அட்டவணை போல இருக்கும். மூன்றைத் தேர்ந்தெடுத்து விரித்து எழுதுங்கள். ஷ்ரெக்ஹோர்ன் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட மலை அது. எழுத்தாளர் தாமஸ் ஹார்டி அந்த மலையில் ஸ்டீவனின் சாயலைக் கண்டு ஒரு கவிதையே எழுதினார்.

பெயர்களின் வால் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் பல பிழைகள் தானே நீங்கும். ஜெர்மனில் 'ஹோர்ன்' என்றால் கொம்பு, எனவே சிகரம். 'யோஹ்' என்றால் நுகம், அதாவது இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் கணவாய். ஸ்டீவன் 1859-இல் கடந்தது ஐகர்யோஹ், 1862-இல் யுங்ஃப்ராவ்யோஹ். இதை 'ஐகர், யுங்ஃப்ராவ் சிகரங்களில் முதலில் ஏறியவர்' என்று எழுதிவிடுவார்கள். யுங்ஃப்ராவ் சிகரம் 1811-லேயே ஏறப்பட்டது, ஐகரில் 1858-இல் சார்லஸ் பாரிங்டன் ஏறினார். அதேபோல மாட்டர்ஹோர்னையும் சேர்த்துவிடாதீர்கள். 1865 ஜூலை 14-இல் எட்வர்ட் விம்பர் குழு அதில் ஏறி இறங்குகையில் நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். அந்தக் குழுவில் ஸ்டீவன் இல்லை. அதே ஆண்டு ஸ்டீவன் மலையேறுநர் சங்கமான ஆல்பைன் கிளப்பின் தலைவரானார், 1868 வரை இருந்தார். 1857-இல் தொடங்கிய அந்தக் கிளப்பில் அவர் உறுப்பினரானது 1858.

'முதல் ஏற்றம்' என்ற சொல்லுக்கு உரியவர் யார் என்பதைத் தீர்மானிக்காமல் இந்தப் பகுதியை எழுத முடியாது. அன்றைய ஆங்கிலேயப் பயணி உள்ளூர் வழிகாட்டிகளைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு ஏறினார். ஆணியடித்த தோல் காலணி, சணல் கயிறு, நீண்ட ஊன்றுகோல் அல்லது பனிக்கோடரி, இவ்வளவுதான் கருவி. செங்குத்தான பனியில் கால் வைக்க ஒவ்வொரு படியையும் கோடரியால் வெட்ட வேண்டும். முன்னே போய் வெட்டியவர் வழிகாட்டி. ஷ்ரெக்ஹோர்ன் குழுவில் பயணி ஸ்டீவன் ஒருவர்தான், உடன் வந்தவர்கள் கிறிஸ்டியன் மிஷெல், பீட்டர் மிஷெல், உல்ரிக் காவ்ஃப்மன் ஆகிய மூன்று வழிகாட்டிகள். எனவே 'ஸ்டீவன் ஏறினார்' என்று ஒருமையில் எழுதுவது வரலாற்றுப் பிழை. ஸ்டீவனே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. சாமர்த்தியமும் துணிச்சலும் வழிகாட்டியுடையவை, மூட்டையோடு தன்னையும் சேர்த்து இழுத்துப்போனதில் அவருடைய வேலை இன்னும் கடினமானது என்று தன் நூலிலேயே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் வழிகாட்டியின் பெயரைப் போடுங்கள். சுவிட்சர்லாந்தின் மைரிங்கன் பக்கத்து மெல்கியோர் அண்டெரெக் (1828–1914) பெயர் திரும்பத் திரும்ப வரும்: ரிம்ப்ஃபிஷ்ஹோர்ன், ஆல்ஃபூபெல், ப்ளூம்லிஸால்ப்ஹோர்ன், டிஸ்கிராட்சியா, சினால்ரோட்ஹோர்ன். மரச் செதுக்கு வேலையும் அறிந்தவர் அவர்.

சினால்ரோட்ஹோர்னில் உடன் ஏறிய புளோரன்ஸ் கிராஃபர்ட் குரோவ் ஓர் ஆண். பெயரைப் பார்த்து 'குரோவ் அம்மையார்' என்று எழுதிவிடாதீர்கள்.

மலைக்கு வெளியே அவருடைய நடையையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஆல்பைன் கிளப் விருந்துக்காக கேம்பிரிட்ஜிலிருந்து லண்டனுக்கு 50 மைலை 12 மணி நேரத்தில் நடந்தவர். 1879-இல் நண்பர்களைச் சேர்த்து 'ஞாயிறு நாடோடிகள்' என்ற நடைக் குழுவையும் தொடங்கினார்.

மதத்தைப் பற்றிய சொற்கள்

கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹாலில் படித்தவர். பக்கத்திலேயே டிரினிட்டி காலேஜ் என்று வேறொரு பெரிய கல்லூரி இருக்கிறது, இரண்டையும் கலக்காதீர்கள். 1854-இல் கணிதத் தேர்வில் முதல் வகுப்புப் பெற்றவர்களின் பட்டியலான ராங்லர் பட்டியலில் 20-ஆவது இடம், அங்கேயே ஃபெலோ (கல்லூரியின் உதவிபெறும் உறுப்பினர்). அந்தப் பதவிக்கு அன்றைக்குக் குருப்பட்டம் தேவைப்பட்டது. 1855-இல் உதவிகுரு ஆனார். இதைச் சொல்லாமல் விட்டால் 'பக்திமான் ஒருவர் திடீரென்று நம்பிக்கை இழந்தார்' என்ற நாடகக் கதை உருவாகிவிடும். நம்பிக்கை கைவிட்டுப்போனது என்பதைவிட, அது தனக்கு உண்மையில் ஒருபோதும் இருந்ததில்லை என்று கண்டுகொண்டதாகவே அவர் விளக்கினார்.

படிகளைத் தேதி மாறாமல் கொடுங்கள். 1862-இல் டியூட்டர் பதவி துறப்பு. 1864-இன் முடிவில் லண்டன். 1867-இல் திருமணம், அதோடு ஃபெலோ பதவியும் போயிற்று. 1875 மார்ச் 23-இல் குருப்பட்டத்தைச் சட்டப்படி துறக்கும் பத்திரத்தில் கையெழுத்து. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் தாமஸ் ஹார்டி. 1870-இல் வந்த சட்டம்தான் அப்படித் துறக்க வழி செய்தது. 1862-க்கும் 1875-க்கும் நடுவே 13 ஆண்டுகள் இருக்கின்றன, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் நசுக்காதீர்கள்.

அவரை 'நாத்திகர்' என்று எழுதுவது தமிழில் எளிது, ஆனால் தவறு. நம் நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் தனி மேடையும் தனி வரலாறும் இருக்கின்றன. வாசகர் மனம் உடனே அங்கே போய்விடும். உயிரியலாளர் ஹக்ஸ்லி 1869-இல் உருவாக்கி, ஸ்டீவன் பரவலாக்கிய 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லுக்கு 'அறியொணாமைவாதி' என்பது நெருங்கி வரும்: கடவுள் உண்டா இல்லையா என்பது மனித அறிவின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பவர். அவருடைய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் 'அப்பாலஜி' என்று இருப்பதைப் பார்த்து 'ஓர் அறியொணாமைவாதியின் மன்னிப்பு' என்று மொழிபெயர்த்துவிடும் ஆபத்து உண்டு. பழைய வழக்கில் அந்தச் சொல்லுக்குப் பொருள் தன் தரப்பு நியாயத்தை எடுத்துரைப்பது. 'தன்னிலை விளக்கம்' என்று போடுங்கள். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதழும் அகராதியும்

1871 முதல் 1882 வரை கார்ன்ஹில் மாத இதழின் ஆசிரியர். 1860-இல் தொடங்கிய அந்த இதழின் முதல் ஆசிரியர் நாவலாசிரியர் தாக்கரே. ஸ்டீவனின் முதல் மனைவி தாக்கரேயின் இளைய மகள். மாமனார் வாங்கிக்கொடுத்த வேலை என்று முடிவுகட்ட வேண்டாம். தாக்கரே 1863-லேயே இறந்துவிட்டார், திருமணமே அதற்கு நான்கு ஆண்டு கழித்துத்தான். ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்' 1874-இல் இந்த இதழில்தான் தொடராக வந்தது.

பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித்தின் திட்டமான 'தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி' வேலை 1882-இல் தொடங்கியது. முதல் தொகுதி 1885 ஜனவரியில், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று 1900-க்குள் 63 தொகுதிகள். இங்கே எண்களைப் பிரித்துச் சொல்லுங்கள்: 1 முதல் 21 வரை ஸ்டீவன் மட்டும் ஆசிரியர், 22 முதல் 26 வரை சிட்னி லீயுடன் சேர்ந்து, 27 முதல் லீ. உடல்நலம் குலைந்து 1891-இல் விலகினார். '63 தொகுதிகளைத் தொகுத்தவர்' என்ற வரி பல இடங்களில் காணப்படுகிறது, எடுத்து ஒட்டாதீர்கள். விலகிய பிறகும் எழுதினார். மொத்தம் 378 பதிவுகள் அவருடையவை. ஹியூம், ஜான்சன், ஸ்விஃப்ட், போப் போன்ற பெரிய பெயர்கள் அவற்றில் அடக்கம்.

அந்த அகராதியின் நடை உங்கள் கட்டுரைக்கும் உதவும். தேதி, இடம், செய்த வேலை, ஆதாரம், அலங்காரத்துக்கு இடமில்லை. முதல் வரைவு முடிந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து 'மாபெரும்', 'ஒப்பற்ற', 'பன்முக ஆளுமை' ஆகியவற்றை அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் ஒரு தேதியோ ஊரோ போட முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடலாம்.

வீடு

முதல் மனைவி ஹாரியட் மரியன், வீட்டில் மின்னி. மணம் 1867. மறைவு 1875 நவம்பர் 28, ஸ்டீவனின் 43-ஆவது பிறந்தநாள். மகள் லாரா. இரண்டாம் மனைவி ஜூலியா, 1846-இல் கல்கத்தாவில் பிறந்தவர், ஹெர்பர்ட் டக்வொர்த்தின் விதவை. மணம் 1878, மறைவு 1895. ஜூலியாவின் முன்மணப் பிள்ளைகள் ஜார்ஜ், ஸ்டெல்லா, ஜெரால்ட். ஸ்டீவன், ஜூலியா இருவருக்கும் பிறந்தவர்கள் வெனெஸ்ஸா, தோபி, வர்ஜீனியா, ஏட்ரியன். மொத்தம் எட்டுப் பிள்ளைகள், மூன்று திருமணங்களிலிருந்து. ஒரு சிறு வம்சப் படம் வரைந்துகொள்ளாமல் இதை எழுதத் தொடங்காதீர்கள். ஸ்டெல்லாவை ஸ்டீவனின் சொந்த மகளாக்கிவிடுவது எளிதில் நேரும்.

இலங்கை வாசகர்களுக்காக ஒரு குறிப்புச் சேர்க்கலாம். ஜூலியாவின் பெரியம்மாவான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879-இல் அங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. வர்ஜீனியாவின் கணவர் லெனர்ட் வுல்ஃப் யாழ்ப்பாணத்தில் அரசு அதிகாரியாக இருந்தவர்தான். ஆனால் அவர்கள் மணந்தது 1912-இல். மாமனாராக ஸ்டீவன் அவரைப் பார்க்கவே இல்லை.

ஆதாரங்களுக்கு எடை போடும்போது மூன்றைத் தனித்தனியே வையுங்கள். ஸ்டீவன் 1895-இல் ஜூலியா இறந்த துயரத்தில் பிள்ளைகளுக்காக எழுதிய நினைவேடு 1977-இல்தான் அச்சானது. தேதிக்குப் பயன்படும், ஆனால் தன்னையே குற்றம் சொல்லியும் தேற்றியும் எழுதியது என்பதை மறக்காதீர்கள். அவர் கேட்டுக்கொண்டபடி சட்ட வரலாற்றாசிரியர் மெய்ட்லண்ட் எழுதி 1906-இல் வந்த வாழ்க்கை வரலாறு நண்பர் எழுதியது. கடிதங்களும் மலைகளும் அதில் நன்றாகக் கிடைக்கும், வீட்டின் இருள் கிடைக்காது. வர்ஜீனியாவின் 1927 நாவலில் வரும் திரு. ராம்சே தந்தையின் சாயலில் உருவானவர், ஆனால் நாவல் பாத்திரம். ராம்சே பேசியதை ஸ்டீவன் பேசியதாக மேற்கோள் காட்டாதீர்கள். மனைவி இறந்த பிறகு வீட்டுக் கணக்குப் பார்க்கும்போது வெனெஸ்ஸாவிடம் அவர் சீறி விழுந்ததை மகள்கள் இருவரும் மறக்கவில்லை. அதை எழுதத்தான் வேண்டும். எழுதும்போது மகள்களின் நினைவு என்று சொல்லி எழுதுங்கள்.

தொடக்கப் பத்தி இப்படி அமையலாம்:

'லெஸ்லி ஸ்டீவன் (28 நவம்பர் 1832 – 22 பிப்ரவரி 1904, ஸ்டீபன் என்றும் எழுதப்படும்) ஆங்கிலேய விமர்சகர், சிந்தனை வரலாற்றாசிரியர், இதழாசிரியர், மலையேறுநர். லண்டன் கென்சிங்டனில் பிறந்தார். மெல்கியோர் அண்டெரெக் உள்ளிட்ட வழிகாட்டிகளுடன் 1859 முதல் ஆல்ப்ஸின் பல சிகரங்களில் முதல் ஏற்றங்களில் பங்கேற்றார். 1875-இல் குருப்பட்டத்தைத் துறந்தார். தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் ஆசிரியர். ஓவியர் வெனெஸ்ஸா பெல், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் ஆகியோரின் தந்தை.'

மகள்கள் கடைசி வாக்கியத்தில் வருகிறார்கள், முதலில் அல்ல. ஆங்கிலத்தில் அவரைக் குறிக்கும் 'மேன் ஆஃப் லெட்டர்ஸ்' என்பதற்கு ஒற்றைச் சொல் தேடி அலைய வேண்டாம். 'இலக்கியவாதி' என்றால் கவிஞரும் நாவலாசிரியரும் நினைவுக்கு வருவார்கள், அவர் இரண்டும் இல்லை. செய்த வேலைகளைப் பிரித்துச் சொல்வதே தெளிவு.

படம் போடுவதானால், நீண்ட தாடியோடு முதுமையில் வர்ஜீனியாவின் பக்கத்தில் இருக்கும் 1902-ஆம் ஆண்டுப் படம் சட்டென்று கிடைக்கும். அது கடைசிப் பகுதிக்கு உரியது. மலைப் பகுதியின் அருகே அதைப் போட்டால் எழுபது வயதுக் கிழவர் ஷ்ரெக்ஹோர்ன் ஏறியதுபோல் தோன்றும். ஸ்டீவனும் அண்டெரெக்கும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது, மலைப் பகுதிக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். படக்குறிப்பில் 'லெஸ்லி ஸ்டீவன், வழிகாட்டியுடன்' என்று விட்டுவிடாமல் மெல்கியோர் அண்டெரெக்கின் முழுப் பெயரையும் எழுதுங்கள்.